ராமமூர்த்தியின் பங்கு எங்கே?

போன வாரம் முகப்பேர் கிழக்கிலிருந்து திருமங்கலம் மெட்ரோவுக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். எஃப்.எம்.மில் 'பாலும் பழமும்' படப் பாட்டு. முடிந்ததும் தொகுப்பாளர் உருகினார்: "எம்.எஸ்.வி. இசையில்..." நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ராமமூர்த்தியும்தானே" என்று முணுமுணுத்துவிட்டேன். பக்கத்து சீட் பெரியவர் திரும்பினார். "அவர் வயலின்காரர் தம்பி. சரக்கு எம்.எஸ்.வி.யோடது. பிரிஞ்சப்புறம்தான் பார்த்தோமே!"

பதில் சொல்வதற்குள் ஸ்டாப் வந்துவிட்டது. அந்தப் பதில்தான் இது.

முதலில் கதை. சி.ஆர்.சுப்பராமன் குழுவில் இருவரும் இருந்தார்கள். 1952இல் அவர் திடீரென்று காலமானார். அதே ஆண்டு என்.எஸ்.கே. இயக்கிய 'பணம்' படத்துக்கு இருவரும் சேர்ந்து இசையமைத்தார்கள். ராமமூர்த்தி 1922இல் பிறந்தவர், விஸ்வநாதன் 1928. ஆறு வயது மூத்தவரின் பெயர் பின்னால் வந்தது. பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும்: மூன்றும் 1961, ஒரே வருஷம்! அப்புறம் நெஞ்சில் ஓர் ஆலயம், கர்ணன், புதிய பறவை, காதலிக்க நேரமில்லை. 1963இல் பட்டம் கொடுத்தார்கள்: 'மெல்லிசை மன்னர்கள்'. கள்! பன்மை சாமி, பன்மை. 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது, ஜோடி உடைந்தது. ஏன் உடைந்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை. எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

எனக்கு வேண்டியது கணக்கு. (பி.காம். படிக்கிறவனிடம் வேறென்ன எதிர்பார்த்தீர்கள்?)

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932. 13ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பங்காளிகளுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபம் சமபங்கு. யார் அதிகம் உழைத்தார், யார் அதிகம் பேசினார் என்ற ஆராய்ச்சியே கிடையாது. விஸ்வநாதன் – ராமமூர்த்தி என்று இரண்டு பெயரும் டைட்டில் கார்டில் ஓடின. அதுதான் ஒப்பந்தம்.

பெரியவரின் வாதம் இதுதான்: பிரிந்தபின் விஸ்வநாதன் நூற்றுக்கணக்கில் படம் செய்தார், ராமமூர்த்தி இருபதைத் தொடவில்லை, ஆகவே முன்பு செய்ததும் அவரல்ல. கம்பெனி கலைந்தபின் வந்த வருமானத்தை வைத்துப் பழைய வருஷங்களின் லாபத்தைப் பிரிக்கிறார்! எங்கள் பரீட்சையில் இப்படி எழுதினால் முட்டைதான். பிரிந்தபின் படம் கிடைப்பது வேறு திறமை. தயாரிப்பாளர், நடிகர், பாட்டெழுதுபவர் என்று எல்லோரோடும் பழக வேண்டும், உட்கார்ந்த இடத்தில் மெட்டுப் போட்டுப் பாடிக்காட்ட வேண்டும். அதில் எம்.எஸ்.வி. ராஜா. ஒத்துக்கொள்கிறேன், தனியாகவும் அவர் மேதை. 'அன்பே வா' ஒன்று போதும். ராமமூர்த்தி மட்டும் சளைத்தவரா? 'நான்', 'மறக்க முடியுமா', 'தங்கச்சுரங்கம்' கேட்டுவிட்டு வந்து பேசுங்கள். என் காதுக்கு, 1965க்கு முன்னால் இருந்த அந்த வயலின் கூட்டத்தின் கனம் அப்புறம் குறைந்துதான் கேட்கிறது. உங்கள் காது வேறாக இருக்கலாம்.

என் கிளாஸில் பீட்டில்ஸ் டி-ஷர்ட்டோடு திரியும் ஒரு நண்பன் உண்டு. நாலு பேர் பெயரும் ஒப்பிப்பான், ரிங்கோ உட்பட. அவர்கள் நம்மவர்களைவிட மோசமாகப் பிரிந்தார்கள். 1970 டிசம்பர் 31 அன்று பால் மெக்கார்ட்னி கூட்டாண்மையைக் கலைக்கச் சொல்லி லண்டன் கோர்ட்டுக்கே போனார். ஆனால் 1965இல் வந்த 'யெஸ்டர்டே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியது பால் மட்டும், பதிவில் மற்ற மூவரும் வாசிக்கவே இல்லை. அதற்கும் 'லெனன் – மெக்கார்ட்னி' என்றுதான் பெயர். அங்கே ஒருவர் செய்ததற்கு இரண்டு பெயர். இங்கே இருவர் செய்ததற்கு ஒரு பெயர். என்ன கொடுமை சார் இது!

சம்பந்தப்பட்டவர்களுக்கே இவ்வளவு கறார் இல்லை. முப்பது வருஷம் கழித்து, 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு மறுபடி சேர்ந்தார்கள். படம் ஓடவில்லை, அது வேறு விஷயம். 2013இல் ராமமூர்த்தி போனார், 2015இல் விஸ்வநாதன்.

அந்த ஷேர் ஆட்டோ பெரியவர் தினமும் காலை எட்டரைக்கு வருகிறார். நாளைக்குப் பக்கத்து சீட் கிடைத்தால் 13ஆம் பிரிவிலிருந்து ஆரம்பிப்பதாக இருக்கிறேன்.