வீட்டுச் சண்டையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் மனைவியுடன் என் அறைக்கு வந்தார். (அவர்களை யாரும் அடையாளம் காண இயலாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருபவர். மூன்று மாதச் சராசரி அளவு நன்றாகவே இருந்தது. மருந்துச்சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்தவரை அழைக்க மணியை அழுத்தப் போனேன். அப்போது அந்த அம்மையார் தயங்கியபடி சொன்னார்: “டாக்டர், இவருக்கு இப்பல்லாம் ரொம்பக் கோபம் வருது. மத்தியானம் ஆனாப் போதும், எதுக்குன்னே தெரியாம கத்துறார்.”

ஐயா உடனே குறுக்கிட்டார். “வீட்டு விஷயத்தை எல்லாம் டாக்டர்கிட்ட எதுக்குச் சொல்றே?”

நான் சிரித்தேன். “ரிட்டயர் ஆனா எல்லார் வீட்டிலயும் இதுதாம்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க” என்றேன். வெளியே இன்னும் பலர் காத்திருந்தார்கள். இருவரும் எழுந்து போனார்கள்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் பிற்பகலில் அவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை, கூப்பிட்டால் சரியான பதில் இல்லை. ரத்தச் சர்க்கரை 38 மில்லிகிராம். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்துவிட்டார். அதன் பிறகுதான் நான் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன்.

பணியில் இருந்தவரை அவர் பள்ளியில் பன்னிரண்டரை மணிக்கு மணியடித்ததும் சாப்பிட்டுவிடுவார். ஓய்வுக்குப் பிறகு அந்த மணி இல்லை. பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போகும் மனைவி வீடு திரும்ப இரண்டு மணியாகும். அதுவரை இவர் சாப்பிடாமல் காத்திருப்பார். “முப்பத்தஞ்சு வருஷம் தனியா டிபன் கேரியர்ல சாப்பிட்டாச்சு. இனிமேலாவது அவளோட உட்கார்ந்து சாப்பிடலாம்னு பார்த்தேன்” என்றார். காலை எட்டு மணிக்கு விழுங்கிய மாத்திரையோ உணவு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும் வகையைச் சேர்ந்தது. மனைவி கதவைத் திறந்து உள்ளே நுழையும் வேளையில் அவருடைய மூளை சர்க்கரைக்குத் தவித்துக்கொண்டிருந்தது. அந்தத் தவிப்புத்தான் கோபமாக வெளிப்பட்டது. அவளுக்காகக் காத்திருந்ததனாலேயே அவளைத் திட்டினார் என்பது இருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரையை மாற்றினோம். மதிய உணவு மீண்டும் பன்னிரண்டரை மணிக்குப் போயிற்று. கோபமும் போயிற்று.

அந்த அம்மையார் எனக்கு ஒரு நோயின் அறிகுறியைச் சொன்னார். நான் அதைக் குடும்பக் கதையாகக் கேட்டேன். அந்தத் தவற்றிலிருந்து பிறந்த கருத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓய்வுபெற்ற தம்பதியரின் வீட்டில் புதிதாக முளைக்கும் சண்டைகளில் சில, மருத்துவமனைக்கு வர வேண்டியவை. அவற்றைச் சொல்ல நீங்கள் கூச்சப்படக் கூடாது. கேட்க நாங்கள் அவசரப்படக் கூடாது.

எல்லாச் சண்டையும் நோய் என்று நான் சொல்லவில்லை. ஓய்வு என்பதே ஒரு பெரிய இடமாற்றம். நேற்றுவரை பகல் முழுவதும் வெளியே இருந்தவர் இன்று கூடத்து நாற்காலியில் இருக்கிறார். நேற்றுவரை பகலில் தன் விருப்பப்படி வீட்டை நடத்தியவர் இன்று, “இந்த நேரத்துல யாரோட போன்ல பேசுற?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கணவர் பணி ஓய்வு பெற்று வீட்டிலேயே இருப்பதால் மனைவியருக்கு ஏற்படும் உடல்நலக் குறைவுகளுக்கு ஜப்பானில் 1990-களிலேயே ஒரு தனிப் பெயர் வழங்கத் தொடங்கிவிட்டது. நம் ஊரில் அதற்குப் பெயர் இல்லையே தவிர, அது இல்லாத தெரு இல்லை. மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது, செய்தித்தாளை முதலில் யார் படிப்பது, தேங்காயை எந்தக் கடையில் வாங்குவது என்று வரும் சண்டைகளுக்கு என்னிடம் மருந்து இல்லை. அவை தேவைப்படவும் இல்லை. சில வீடுகளில் அதுதான் பேச்சுத்துணை.

நான் சொல்வது வேறு வகைச் சண்டைகளை. அடிக்கடி காண்பவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன்.

“நான் சொன்னா மட்டும் இவர் காதுல விழாது. பையன் போன் பண்ணினா நல்லாக் கேக்கும்” என்பது முதல் புகார். இதைக் கேட்டுப் பலர் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பெண்மணி மிகச் சரியான மருத்துவக் குறிப்பைத் தருகிறார். முதுமையில் செவித்திறன் குறையும்போது உச்ச அதிர்வெண் கொண்ட ஒலிகளே முதலில் மங்குகின்றன. பெண் குரலின் மெல்லிய ஒலிகள் அதில் அடிபடும். சொற்களில் உயிரொலி கேட்கும், மெல்லிய மெய்யொலி நழுவிவிடும். பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது புரியாது. பக்கத்தில் குக்கர் விசிலும் தொலைக்காட்சியும் சேர்ந்தால் சுத்தமாகப் புரியாது. தொலைபேசியில் மகனின் தடித்த குரல் நேராகக் காதருகே வருகிறது, அதனால் புரிகிறது. இதை அலட்சியம் என்று மனைவி எடுத்துக்கொள்கிறார். சத்தம் போட்டுப் பேசத் தொடங்குகிறார். “ஏன் கத்துற?” என்று அவர் கத்துகிறார். பிறகு பேச்சே குறைகிறது. சிலருக்குக் காதில் அடைத்திருக்கும் குறும்பியை எடுத்தாலே போதும். சிலருக்குச் செவிக்கருவி தேவை. இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதுமை மறதிநோய் குறித்து லான்செட் இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 அபாயக் காரணிகளைப் பட்டியலிடுகிறது. செவித்திறன் குறைவு அவற்றுள் ஒன்று.

இரண்டாவது, சாப்பாட்டுத் தட்டின் முன் வரும் சண்டை. “நாப்பது வருஷமா நல்லாச் சமைச்சவ, இப்ப கை ருசியே போச்சு” என்கிறார் கணவர். மனைவி சமைத்த அதே குழம்புதான். வயது ஏறும்போது மணமும் சுவையும் உணரும் திறன் குறைகிறது. வாய் உலர்ந்தாலும், பல்செட் சரியாகப் பொருந்தாவிட்டாலும், சில மாத்திரைகளாலும் சுவை மாறும். இதற்கிடையே ரத்தக் கொதிப்புக்காக நாங்கள் வேறு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறோம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை; ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ஆக, உப்பைக் குறைக்கச் சொன்னவர் மருத்துவர், திட்டு வாங்குபவர் மனைவி. அவருக்குத் தெரியாமல் உப்பைக் குறைப்பதும், இவருக்குத் தெரியாமல் ஊறுகாய் பாட்டிலைத் திறப்பதுமாக ஒரு வீடு ஒற்றர் வேலையில் இறங்கிவிடுகிறது. இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து நாங்களே சொல்ல வேண்டிய செய்தி அது. எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கொத்துமல்லி கொண்டு சுவை கூட்டுவதை அடுத்த முறை எங்கள் உணவியல் ஆலோசகரிடம் இருவருமாகக் கேளுங்கள்.

மூன்றாவது, இரவில் நடப்பது. கணவர் நான்கு முறை எழுந்து கழிவறைக்குப் போகிறார். நான்கு முறையும் விளக்கு எரிகிறது. மனைவிக்குத் தூக்கம் கெடுகிறது. காலையில் இருவரும் எரிச்சலோடு எழுகிறார்கள்; முதல் காப்பியிலேயே வாக்குவாதம். இதன் காரணம் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கமாக இருக்கலாம், கட்டுப்படாத சர்க்கரையாக இருக்கலாம், இதய நோயின் கால்வீக்கமாக இருக்கலாம். அல்லது நீர் பிரியச் செய்யும் மாத்திரையை மாலையில் போட்டுக்கொள்வதாக மட்டுமே இருக்கலாம். மருத்துவரைக் கேட்டு அதைக் காலைக்கு மாற்றினாலே சில வீடுகளில் அமைதி திரும்புகிறது. அதே போல, பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். அதைப் பார்ப்பவர் பக்கத்தில் படுத்திருப்பவர் மட்டுமே. நோயாளிக்கே தெரியாத அறிகுறி அது.

நான்காவதைச் சொல்லும்போது என் பேனா தயங்குகிறது. “பேங்க் பாஸ்புக்கை நீதான் எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கே” என்று கணவர் மனைவியைக் குற்றம் சாட்டுகிறார். அல்லது மனைவி, நகையைக் காணோம் என்று கணவரைச் சந்தேகிக்கிறார். வாழ்நாள் முழுவதும் ஒரு ரூபாய்க்கும் கணக்குக் கேளாதவர்கள் இவர்கள். மறதிநோயின் தொடக்கத்தில் இப்படி நடப்பதுண்டு. வைத்த இடம் மறந்துவிடுகிறது. மறந்தோம் என்பதும் தெரியவில்லை. அந்த வெற்றிடத்தைச் சந்தேகம் நிரப்புகிறது. அதிகம் புண்படுபவர் அதிகம் பார்த்துக்கொள்பவர்தான். “இத்தனை வருஷம் வாழ்ந்து கடைசியில திருடிப் பட்டம்” என்று ஒரு மூதாட்டி என் எதிரில் அழுதிருக்கிறார். அது அவர் கணவரின் சொல் அல்ல, நோயின் சொல் என்று விளங்கியபோது அவருடைய துயரம் தீரவில்லை. ஆனால் அவமானம் தீர்ந்தது. மேலும், தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு போன்றவையும் மறதியைப் போலத் தோன்றலாம். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. மனச்சோர்வு முதியவர்களிடம் அழுகையாகவே வர வேண்டியதில்லை. சிடுசிடுப்பாகவும், “உடம்பெல்லாம் வலி” என்ற ஓயாத புகாராகவும் வரும்.

இந்தக் கருத்துக்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதே. எதற்கெடுத்தாலும் நோய் என்றால், ஒருவர் நியாயமாகக் கோபப்படவும் இடமில்லாமல் போய்விடுமே? “உனக்குத்தான் மூளைக் கோளாறு, டாக்டர்கிட்டப் போ” என்று இது புதிய வசைச்சொல்லாகிவிடுமே? ஆகிவிடக் கூடாது. ஆயுள் முழுதும் அடக்கி ஆண்டவர் முதுமையிலும் கை ஓங்கினால் அது நோயன்று. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவும் மாட்டேன். அந்த நிலையில் இருப்பவர் தனியே எங்களிடம் பேசலாம். பிரித்தறிய நான் இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறேன். இது புதிதாகத் தொடங்கியதா? குறிப்பிட்ட வேளையில் மட்டும் வருகிறதா? அவருடைய இயல்புக்கு மாறானதா? இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் வாருங்கள்.

வரும்போது சிலவற்றைச் செய்யுங்கள். ஒரு வாரம், சண்டை வந்த நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், மாத்திரை போட்ட நேரம் ஆகியவற்றைக் காலண்டர்த் தாளின் பின்புறம் குறித்து வாருங்கள். வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், பிற மருத்துவர்கள் கொடுத்தவற்றையும் கண் சொட்டு மருந்தையும்கூட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென எரிந்து விழுந்தால், வியர்த்தால், கை நடுங்கினால், பதில் பேசுவதற்கு முன் குளுக்கோமீட்டரை எடுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். கருவி இல்லையென்றாலும் சர்க்கரை நீரைக் கொடுத்துவிடுங்கள். நினைவு தடுமாறியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. அன்று அந்த அம்மையாரும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவருடைய ரத்த அழுத்தத்தை நான் பார்க்கவில்லை. கணவர் படுக்கையில் இருந்த இரண்டாம் நாள் செவிலியர் பார்த்தபோது 170 இருந்தது. தம்முடைய மாத்திரை தீர்ந்து பல வாரமாயிற்று என்றார்; இவரை அழைத்துக்கொண்டு வரும் அலைச்சலில் தமக்கு வாங்க மறந்துவிட்டாராம். நோயாளியை அழைத்து வருபவரும் வயதானவரே என்பதை நாங்களும் மறக்கிறோம், நீங்களும் மறக்கிறீர்கள். அடுத்த முறை துணையின் கோப்புடன் உங்கள் கோப்பையும் எடுத்து வாருங்கள்.

அந்தத் தலைமையாசிரியர் தம்பதியர் இப்போதும் வருகிறார்கள். சென்ற மாதம் நான் மணியை அழுத்துவதற்கு முன் நானே கேட்டேன்: “வீட்டில் சண்டை எப்படி இருக்கிறது?” பன்னிரண்டரை மணிக்குத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு மனைவி சாப்பிடும்போது எதிரில் மோருடன் உட்கார்ந்து, அவர் எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறார் என்று குறை சொல்கிறாராம். இருவரும் என் எதிரிலேயே அதைப் பற்றிக் கொஞ்சம் வாதாடினார்கள். இருவருடைய ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது.