தண்ணீர் வரும் முன்னே பாடம் வரட்டும்

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில்தான் மேட்டூர் அணையும் திறக்கிறது. வழக்கப்படி 12ஆம் தேதி திறந்தால், சில நாட்களில் முக்கொம்புக்குத் தண்ணீர் வந்துவிடும். மே மாதம் முழுக்க ஆற்று மணலில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள் அதே இடத்தில் குதித்துக் குளிக்கக் கிளம்புவார்கள். அந்த இடம் தங்களுக்கு அத்துப்படி என்பது அவர்கள் நினைப்பு. மணலுக்கு அப்படிப்பட்ட விசுவாசமெல்லாம் கிடையாது. ஒரு வெள்ளம் வந்து போனால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும்.

2023 பிப்ரவரி 15 அன்று, தொட்டியத்தில் கால்பந்துப் போட்டிக்கு வந்த புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் நால்வர் மாயனூர் கதவணை அருகே காவிரியில் மூழ்கி இறந்தார்கள். அதே ஆண்டு மே 14 காலையில், கொள்ளிடத்தில் குளிக்கப் போன ஸ்ரீரங்கத்து வேதபாடசாலை மாணவர்கள் மூவரை ஆறு கொண்டுபோனது. உடற்கல்வி ஆசிரியர், சாரண ஆசிரியர், முகாம் பொறுப்பாளர் என இந்த இதழைப் படிக்கும் எவரும் இந்த இரண்டு தேதிகளை மறக்கக் கூடாது.

இப்படி ஒன்று நடந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். பணியிடை நீக்கம், விசாரணை, சுற்றறிக்கை. அதோடு அந்த ஆண்டுக்கான சுற்றுலா, முகாம், மலையேற்றம் எல்லாம் ரத்து. தலைமை ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை; கையெழுத்துப் போடுபவருக்குத்தான் அந்தப் பயம் தெரியும். ஆனால் பள்ளி கூட்டிப்போகாததால் பிள்ளைகள் ஆற்றுக்குப் போகாமல் இருக்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமை மதியம் கொள்ளிடக் கரையில் நின்று பாருங்கள். பெரியவர் துணையில்லாமல், வீட்டில் சொல்லாமல், கும்பலாக வந்திருப்பார்கள். தடை ஆபத்தைக் குறைக்கவில்லை. ஆசிரியர் இல்லாத இடத்துக்கு அதை நகர்த்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர் 2007இல் குழந்தைகளின் துணிச்சல் விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரிய கருவிகள், நீரும் நெருப்பும் போன்றவை, மல்லுக்கட்டு, வழி தொலையக்கூடிய இடம். இந்த ஆறையும் தேடிப் போவது குழந்தையின் இயல்பு. கனடா நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் 2024 ஜனவரியில் இத்தகைய விளையாட்டை ஆதரித்தே அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கையும் ஒரு கோடு கிழிக்கிறது. குழந்தை தானே பார்த்து, எடைபோட்டு, ஏறலாமா இறங்கலாமா என்று முடிவெடுக்கக்கூடிய ஆபத்து ஒன்று. குழந்தையின் கண்ணுக்கே தெரியாத ஆபத்து மற்றொன்று. முதலாவதைப் பிள்ளைகளிடம் விட வேண்டும், இரண்டாவதைப் பெரியவர்கள் அகற்ற வேண்டும்.

இந்தக் கோட்டைக் காவிரியில் வைத்துப் பார்த்தால் நம் வேலை இன்னதென்று தெளிவாகிவிடும். மரக்கிளையின் உயரம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும். கலங்கல் தண்ணீருக்கு அடியில் இருக்கும் மணற்குழி தெரியாது. முழங்கால் அளவு தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடி வைத்தால் குழியின் விளிம்பு சரியும், கால் ஊன்ற இடமிருக்காது. கதவணைக்குக் கீழே விழும் நீர் அடிமணலைக் குடைந்துகொண்டே இருக்கும். கொள்ளிடமோ வெள்ள வடிகால். மேலே உபரி நீரைத் திருப்பிவிட்டால், நேற்று வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் இன்று நீரோட்டம். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் 9 மதகுகளையே அடித்துக்கொண்டு போன ஆறு இது. ஆகவே ஓடும் காவிரி, நீச்சல் பழகும் முதல் வகுப்பறை ஆக முடியாது. அங்கே கற்க வேண்டிய முதல் பாடம் கரையில் நின்று ஆற்றைப் பார்ப்பது: சுழி எங்கே, நீரின் நிறம் எங்கே மாறுகிறது, மிதந்து வரும் இலை எந்தப் பக்கம் இழுபடுகிறது. பார்த்துவிட்டு, ‘இன்றைக்கு இறங்க வேண்டாம்’ என்று ஒரு மாணவி சொன்னால் அவளுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

தண்ணீரில் இறங்கும் பாடத்துக்கு அண்ணா விளையாட்டரங்கக் குளம் போல, அடி தெரியும் நீர் வேண்டும். அங்கேயும் வேகம், பந்தயம் எல்லாம் பிறகு. முதலில் மல்லாந்து மிதப்பது. காது இரண்டும் நீருக்குள், மோவாய் மேலே, நெஞ்சு நிறைய மூச்சு, கைகள் அகல விரிய. தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும். பயந்த பிள்ளை முதலில் தூக்குவது தலையைத்தான். ஆசிரியரின் உள்ளங்கை பிடரிக்கு அடியில் இருக்கட்டும். பிள்ளை தானாக மிதக்கத் தொடங்கும்போது அதைச் சொல்லாமல் எடுத்துவிடலாம் என்ற ஆசை வேண்டாம். சொல்லிவிட்டு எடுங்கள். நம்பிக்கை போனால் பாடம் போயிற்று.

அடுத்த பாடம் காப்பாற்றுவது. மூழ்குபவர் சினிமாவில் வருவதுபோல் கத்துவதில்லை. வாய் நீருக்கு மேலே வரும் கணத்தில் மூச்சிழுக்கவே நேரம் போதாது. அதைப் பார்த்த தோழி கையை நீட்டிக்கொண்டு உள்ளே இறங்குகிறாள், பிறகு இன்னொருத்தி. ஒரே இடத்தில் மூன்று நான்கு உயிர் போவது பெரும்பாலும் இப்படித்தான். இறங்காமல் காப்பாற்றும் பழக்கம் கைக்கு வர வேண்டும். துப்பட்டா, வேட்டி, மூங்கில் கழி, எது கிடைத்தாலும் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நீட்டலாம். இரண்டு லிட்டர் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, கயிறு கட்டி எறிந்தால் தூரம் போகும், மிதக்கவும் செய்யும். மைதானத்திலேயே இதைப் பழக்கலாம்; குளம் இல்லை என்று எந்தப் பள்ளியும் சாக்குச் சொல்ல முடியாது.

இதனால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு வங்கதேசம் பதில் சொல்கிறது. அங்கே கிராமக் குளங்களில் மூங்கில் மேடை கட்டி 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அந்த மூங்கில் மேடைக்கு ஆகும் செலவு நம் ஊராட்சிகளுக்குப் பெரிய தொகையே அல்ல.

நீரை விட்டால் சாகசத்துக்கு இடமில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் பாரத சாரண சாரணியர் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது நினைவிருக்கும். அந்த அளவுக்குக் கூட்டமும் கூடாரமும் தேவையில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலிருந்து சித்திரை வீதி வழியாக அடையவளஞ்சான் வீதிக்கு வரச் சொல்லுங்கள். ஆசிரியர் தூரத்தில் பின்தொடரட்டும், வாய் திறக்க வேண்டாம். எந்தச் சந்தில் திரும்புவது, எங்கே சாலையைக் கடப்பது, வழி தவறினால் யாரிடம் கேட்பது எல்லாம் அவர்கள் பாடு. ஒரு முறை வழி தவறட்டும். திரும்பி வந்ததும் எங்கே தவறியது என்று அவர்களையே பேசவிடுங்கள். பாடமே அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

வெளியே கிளம்பும் முன் ஒரு தாள் எழுதும் வழக்கமும் வேண்டும். போகும் இடம், அங்கே மறைந்திருக்கும் ஆபத்து, பிள்ளை அடையும் பயன், ‘திரும்பிவிடலாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு. நீர்நிலை என்றால் நீர்வளத் துறையிடம் அன்று தண்ணீர் திறப்பு உண்டா என்று கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் வாங்கும் ஒப்புதல் கடிதத்தோடு இந்தத் தாளையும் அவர்களுக்குக் கொடுங்கள். மாவட்டக் கல்வி அலுவலர்கள் ரத்து உத்தரவுக்குப் பதிலாக இந்தத் தாளைக் கேட்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

இந்த ஆண்டு நம் கோரிக்கை இரண்டே இரண்டு. மிதக்கத் தெரியாத பிள்ளையை எந்தப் பள்ளியும் ஆற்றில் இறக்க வேண்டாம். மிதக்கக் கற்றுத் தராமல் எந்தப் பள்ளியும் ஒரு பிள்ளையை எட்டாம் வகுப்பு தாண்ட விட வேண்டாம்.