முகாம் பிள்ளைகளுக்கு ஒரு முடிவு சொல்லுங்கள்

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமை ஒட்டிய பள்ளியில் நான் ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பத்தை மளமளவென்று நிரப்புவார்கள். 'குடியுரிமை' என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடும். பிறந்தது இங்குள்ள அரசு மருத்துவமனையில்; எழுத வேண்டியதோ 'இலங்கை'.

1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இலங்கையிலிருந்து வருவோர் மீதான கண்காணிப்பு இறுகியதில் நியாயம் இருக்கிறது. கடல்வழியே யார் வருகிறார்கள் என்பது அரசுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். ஆனால் பிறந்த நாளிலிருந்தே அரசின் பதிவேட்டில் இருக்கும் பிள்ளையால் எல்லைக்கு என்ன ஆபத்து?

சட்டம் படிப்படியாகக் கதவை மூடியது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல், இன்னொருவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சலுகை தந்த நாடுகளில் இலங்கையே இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025-இல் விலக்கு கிடைத்தது. நல்லதுதான், ஆனால் அது குடியுரிமை ஆகாது.

ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரியுங்கள். குற்றப் பின்னணி இருந்தால் மறுத்து, காரணத்தை எழுத்தில் கொடுங்கள். மேல்முறையீட்டுக்கு வழி வையுங்கள். மற்றவர்களுக்குக் காலக்கெடு வைத்துக் குடியுரிமை வழங்குங்கள். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தினால் இது நடக்கும்.