பில் மெஷினுக்குள் ஒரு ஐந்து சதவீதம்

இயற்கை அங்காடி எதற்குப் போனாலும் பொருளோடு பில்லையும் வாங்கி வரி வரியாகப் பார்ப்பது என் வழக்கம். வங்கியில் கணக்கோடு காலம் தள்ளியவனுக்கு அந்தப் புத்தி சீக்கிரம் போகாது. பார்த்தவரையில் சொல்கிறேன்: நம்ம கடைகள் பலவற்றில் பொருள் சுத்தமாக இருக்கிறது, பில் சுத்தமாக இல்லை.

யாரும் திருடவில்லை. பில் போடும் மென்பொருளை விற்றவர் வந்து, ஒரு மணி நேரத்தில் சரக்குப் பட்டியலை ஏற்றி, எல்லாத்துக்கும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி.ன்னு போட்டுட்டுப் போயிடுறார். இல்லேன்னா, ‘விவசாயப் பொருள்தானே’ என்று எல்லாத்துக்கும் பூஜ்யம். இரண்டுமே தப்பு. வரி விகிதத்தை மென்பொருள்காரரிடமும் கல்லாவில் உட்காரும் பையனிடமும் விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கட்சி.

விதி எப்படி வந்தது என்று பார்ப்போம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, அரிசி, பருப்பு, சிறுதானியத்தில் பதிவு பெற்ற பிராண்டுப் பையில் வந்ததற்கு மட்டும்தான் 5 சதவீதம். 2022 ஜூலை 18 முதல் பிராண்டு என்ற பேச்சே போனது. முன்கூட்டியே எடை போட்டுக் கட்டி, சட்டமுறை எடையளவுச் சட்டப்படி லேபிள் இருக்க வேண்டிய 25 கிலோ வரையான பொட்டலம் என்றால் வரி உண்டு. பெரிய கம்பெனிகள் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். புதிதாக மாட்டியது நம்மைப் போன்ற சின்ன அங்காடிகள்.

இப்போது சாமை அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் எதிரே மூட்டையிலிருந்து அள்ளி, நிறுத்து, அவர் கொண்டுவந்த துணிப்பையில் போட்டால் வரி இல்லை. அதே சாமை, ஒரு கிலோ பாக்கெட்டாக அலமாரியில் இருந்தால் 5 சதவீதம். ‘நாங்க பிளாஸ்டிக்கே தொடுறதில்லை, பழுப்புக் காகிதக் கவர்தான், லேபிள்கூட ஒட்டலை’ என்று சொல்லும் நண்பர்கள் கவனிக்க வேண்டும். வாங்குபவர் இல்லாதபோது அளவாகக் கட்டி வைத்தாலே அது பொட்டலம்தான், அது காகிதமானாலும் துணியானாலும். லேபிள் ஒட்ட வேண்டிய பொருளில் ஒட்டாமல் விட்டால் வரியும் போகாது; கூடவே எடையளவுச் சட்டத்தில் இன்னொரு வம்பும் வரும்.

ஆகவே மென்பொருளில் ‘சாமை’ என்று ஒரே பதிவு இருந்தால் போதாது. ‘சாமை சில்லறை’ பூஜ்யம், ‘சாமை 1 கிலோ பாக்கெட்’ 5 சதவீதம் என்று இரண்டு வேண்டும். மூட்டையைப் பிரித்துப் பாக்கெட் போடும் அன்றைக்கே அத்தனை கிலோவை முதல் பதிவிலிருந்து இரண்டாவதற்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வருடக் கடைசியில் இருப்புக் கணக்கு இடிக்கும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டிக்கும் இதே கதைதான்.

எல்லாம் அப்படியில்லை என்பதுதான் சங்கடம். எங்கள் மயிலாடும்பாறைப் பக்கத்துத் தக்காளியையோ அவரையையோ வலைப்பையில் கட்டி விற்றாலும் வரி கிடையாது. தேங்காய்க்கும் இல்லை. அதே தேங்காய் கொப்பரையானால் 5 சதவீதம். எண்ணெயானாலும் 5 சதவீதம், வாடிக்கையாளர் கொண்டுவந்த தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தாலும் சரி. செக்கு எண்ணெயைச் சில்லறை என்று நினைத்துப் பூஜ்யம் போட்ட பில்லை நானே பார்த்திருக்கிறேன்.

தப்பாகப் போட்டால் என்ன ஆகும்? வரி இல்லாத பொருளுக்கு வசூலித்தால் அந்தப் பணம் கடைக்குச் சொந்தமில்லை. அரசுக்குக் கட்டியாக வேண்டும். நஷ்டம் நம்மை நம்பி வந்தவருக்கு. வசூலிக்க வேண்டியதை விட்டால், கடை கையிலிருந்து வருடத்துக்கு 18 சதவீத வட்டியோடு கட்டும். நம்ம கடை லாபத்தில் அந்த வட்டி தாங்காது. பதிவே இல்லாத கடையும், தொகுப்புத் திட்டத்தில் இருக்கிற கடையும் பில்லில் வரி என்று ஒரு பைசாகூடக் காட்டக் கூடாது.

இன்னொரு இடமும் சறுக்கும். பாக்கெட்டில் அதிகபட்ச விலை 105 ரூபாய் என்றால் அதில் வரி அடக்கம். பொருள் 100, வரி 5. மென்பொருளில் ‘வரி உட்பட’ என்று குறிக்காமல் 105-ஐ ஏற்றினால் பில் 110 ரூபாய் 25 காசு என்று வரும். அச்சடித்த விலைக்கு மேல் விற்ற குற்றம் நம் தலையில் விழும்.

விகிதம் மாறும்போது பழையதை அழித்துவிட்டு அதன்மேல் எழுதாதீர்கள். 2025 செப்டம்பர் 22-ல் நெய் 12-லிருந்து 5 ஆனது. வேம்பு சார்ந்த பூச்சிவிரட்டிகளும் அப்படியே. ‘இந்தத் தேதி முதல்’ என்று புது விகிதத்தைச் சேர்க்கும் வசதி நல்ல மென்பொருளில் இருக்கும். அது இல்லாததை வாங்கவே வேண்டாம். 21-ம் தேதி விற்ற நெய் திரும்பி வந்தால் பழைய 12-லேயே கழிக்க வேண்டுமே!

இவ்வளவும் சொன்ன பிறகு, சட்டத்தின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டாம் என்கிறது 23-வது பிரிவு. காய்ந்த மிளகையும் உலர் திராட்சையையும் விவசாயியே விற்றால் வரி இல்லை என்று 2024 டிசம்பரில் ஜெய்சால்மர் கவுன்சில் கூட்டமும் தெளிவுபடுத்தியது. ஆனால் அந்த விவசாயிகளே நூறு பேர் சேர்ந்து உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பித்து, அதே மிளகை அதன் வழியாக விற்றால், கம்பெனி வியாபாரி ஆகிவிடுகிறது. மிளகுக்கு 5 சதவீதம். ஒண்ணு சேருங்கள் என்று சொல்லும் அரசே, சேர்ந்ததற்கு வரி போடுகிறது. உறுப்பினர் விளைச்சலை மட்டும் விற்கும் கம்பெனிக்கு அந்த விலக்கு வேண்டும் என்று நம் இயக்கம் கேட்க வேண்டும்.

அது கிடைக்கும்வரை சில்லறைத் தராசை ஓரம் கட்டாதீர்கள். உள்ளூர்க்காரருக்கு நிறுத்துக் கொடுங்கள், வெளியூருக்குப் போவதை மட்டும் பாக்கெட் போடுங்கள். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு முன்னால் மென்பொருளில் இருக்கும் சரக்குப் பட்டியலை விகிதத்தோடு அச்செடுத்து வையுங்கள். கணக்குத் தணிக்கையாளரைக் கூப்பிட்டு, பொருள் பொருளாக வாசித்து, கீழே தலைவர் கையெழுத்துப் போட்ட பிறகு கல்லாவில் ஏற்றுங்கள். இருநூறு பொருள் இருந்தாலும் ஒரு முற்பகல் வேலைதான்.