திரைக்குப் பின்னால் ஒரு சீவாளி



மகன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறான் என்று ஒரு தாய் சொன்னால், கேட்பவர் "என்ன பாடம்?" என்பார், விடை வந்ததும் "முடித்தால் என்ன வேலை?" என்பார். இது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. அமெரிக்க நாட்டுப் பெற்றோரும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அங்கே சில வீடுகளில் முதற் கேள்விக்குக் கிடைக்கும் விடை, "பசூன் வாசிப்பு" என்பது. இரண்டாம் கேள்விக்கு அந்த வீட்டாரிடம் நேரான விடை இல்லை. மருத்துவமும் பொறியியலும் படிக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். இம்மாதம் நாம் இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். நான் குருமடத்தில் ஆர்மோனியம் ஓரளவு பழகியவனே அன்றி இசைவல்லுநன் அல்லேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பசூன் என்பது மேலைநாட்டு இசைக்குழுவில் தாழ்ந்த குரலுக்குரிய மரக்குழல். ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமுள்ள குழலை இரண்டாக மடித்தாற்போல் அமைத்திருப்பார்கள்; நிறுத்தி வைத்தால் ஒருவரின் மார்பளவுக்கு வரும். மேப்பிள் மரத்தில் செய்யப்படுவது. கிளாரினெட் வாசிப்பவரின் இடக்கைப் பெருவிரலுக்கு ஒரு துளையும் ஒரு விசையுமே பொறுப்பு. பசூனிலோ அந்த ஒரு விரல் எட்டு ஒன்பது விசைகளுக்கிடையே ஓடியாட வேண்டும். ரஷ்ய இசையமைப்பாளர் புரோக்கோபியெவ் 1936இல் குழந்தைகளுக்காக எழுதிய 'பீட்டரும் ஓநாயும்' என்னும் படைப்பில், முணுமுணுக்கும் தாத்தாவுக்குரிய கருவி இதுவே. இதனால் பசூன் என்றாலே நகைச்சுவைக் கருவி என்று எண்ணுவோர் உண்டு. அது அநீதி. 1703இல் குருப்பட்டம் பெற்று, வெனிஸ் நகரின் ஆதரவற்ற சிறுமியர் இல்லத்தில் இசை கற்பித்த அந்தோனியோ விவால்டி, இந்தக் கருவிக்கென 39 இசைக்கோவைகள் எழுதினார்; அவற்றுள் இரண்டே முற்றுப்பெறாதவை. ஒரு குருவானவர் தம் நாள்களை இவ்வளவு தாராளமாக ஒரு குழலுக்குக் கொடுத்திருக்கிறார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

நியூயார்க் மாநிலத்தில், ஒண்டாரியோ ஏரியின் தென்கரையில், ராச்செஸ்டர் நகரம் இருக்கிறது. நம் வீட்டு மூத்தோர் அறிந்த 'கோடக்' நிழற்படக் கருவியைத் தந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன் பொருளுதவியால் 1921இல் அங்கே ஓர் இசைப்பள்ளி எழுந்தது. அது ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பு. அங்கும், இந்தியானா பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலும், பசூன் வாசிப்பில் முதுகலைப் பட்டம் பெறலாம். அதற்குப் பெரும்பாலும் ஈராண்டு. அதற்கு மேலும் படித்து முனைவராகலாம். மாணவர் பலர் ஒரே ஆசிரியரிடம் பயின்றாலும், வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் தனியே ஆசிரியர்முன் அமர்ந்து வாசிக்க வேண்டும். நம் நாட்டுக் குருகுலத்தை நினைவூட்டும் முறை. எஞ்சிய நேரம் இசைக்குழு ஒத்திகைக்கும், இசை வரலாற்றுப் பாடங்களுக்கும், இளங்கலை மாணவருக்குச் சொல்லிக் கொடுப்பதற்கும் போகும். இவ்வாறு கற்பிப்பவர்க்குக் கட்டணச் சலுகையும் சிறு உதவித்தொகையும் கிடைப்பதுண்டு.

ஆனால் இவர்கள் காலத்தைப் பெரிதும் விழுங்குவது வாசிப்புமன்று, பாடமுமன்று, சீவாளி. நாகசுரத்தைப் போலவே பசூனும் இரட்டை நாக்குச் சீவாளியால் ஒலிப்பது. நம் நாகசுரக்காரர், திருவாவடுதுறை போன்ற ஊர்களில் பரம்பரையாகச் சீவாளி செய்வோரிடம் வாங்கிக்கொள்வது வழக்கம். அங்கே தேர்ந்த பசூன் கலைஞர் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்கிறார். கடையில் கிடைப்பது தொடக்க மாணவர்க்குப் போதும். மேற்படிப்பு மாணவர்க்குப் போதாது. பிரான்சு நாட்டின் தென்கோடியில், வார் என்னும் பகுதியில் விளையும் பெருநாணலுக்குத் தனி மதிப்பு உண்டு. அதைப் பிளந்து, உட்புறத்தைக் குடைந்து, வடிவம் வெட்டி, இரண்டாக மடித்து, மூன்று பித்தளைக் கம்பிகளால் இறுக்கி, நூல் சுற்றிக் காயவைக்கிறார்கள். பின்னர் நுனியைத் திறந்து கத்தியால் சுரண்டத் தொடங்க வேண்டும். அங்கேதான் படிப்பே இருக்கிறது. கத்தி ஒருமுறை கூடுதலாகப் பட்டால் தாழ்ந்த சுரங்கள் இனிமையாக வரும், உயர்ந்தவை நிலைகுலையும். ஒருமுறை குறைந்தால் எதிர்மாறு. சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்த்தால் கரகரவென்று ஓர் ஒலி எழும். அதை அவர்களும் காக்கை கரைவது என்றே சொல்கிறார்கள். அந்தக் கரைதலைக் கேட்டே எங்கே இன்னும் சுரண்ட வேண்டும் என்று கண்டுகொள்ள வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்தவற்றுள் மேடைக்கு ஏற்றவை சிலவே. அவையும் ஓயாது வாசித்தால் சில வாரங்களில் தளர்ந்துவிடும். குளிர்காலத்தில் வெளியே பனி கொட்டும்போது, சூடேற்றிய அறையின் வறண்ட காற்றில் நேற்று நன்கு பேசிய சீவாளி இன்று வாய் திறக்க மறுக்கும். கடல்மட்டத்துக்கு 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகருக்குக் கொண்டு போனால் அதன் குணமே மாறிவிடும். தேர்வுக்காகத் தொலைதூரம் செல்லும் மாணவர் பெட்டி நிறையச் சீவாளிகளைச் சுமந்து செல்வது இதனாலேயே.

தேர்வு என்றேன். பட்டத் தேர்வை அன்று. இசைக்குழுவில் இடம் பெறுவதற்கான தேர்வை. ஒரு பெரிய இசைக்குழுவில் வயலின் வாசிப்போர் முப்பது பேர் வரை இருப்பார்கள். பசூனுக்கு இருக்கைகள் மூன்று அல்லது நான்கு. அதில் அமர்ந்தவர் இருபது முப்பது ஆண்டுகள் எழுவதில்லை. ஓர் இடம் காலியானால் நாடெங்கிலுமிருந்து பலர் சொந்தச் செலவில் வருகிறார்கள். முதற் சுற்றுகளில் நடுவர்களுக்கும் வாசிப்பவருக்கும் இடையே திரை தொங்கும். காலணி ஓசையைக் கொண்டு ஆணா பெண்ணா என்று யாரும் ஊகிக்காதிருக்கத் தரையில் விரிப்பும் போடுவார்கள். வாய் திறந்து பேசவும் கூடாது. ஐயம் இருந்தால் அருகிலுள்ள அலுவலர் வழியே கேட்கலாம்.

வாசிக்க வேண்டிய பகுதிகள் எல்லாரும் அறிந்தவை. மோட்சார்ட் 1774இல், தம் பதினெட்டாம் வயதில், பசூனுக்கு எழுதிய கோவை அவற்றுள் ஒன்று. பேத்தோவனின் நான்காம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் வரும் அதிவேகத் துணுக்கு மற்றொன்று. அது சில நொடிகளில் முடிந்துபோகும். 1913 மே 29 அன்று பாரிசில் அரங்கேறியபோது அரங்கத்தையே கொந்தளிக்கச் செய்த ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு', ஒற்றைப் பசூனின் மிக உயர்ந்த குரலோடுதான் தொடங்குகிறது, அதுவும் கேட்கப்படும். பல ஆண்டுப் பயிற்சி, திரைக்குப் பின்னால் பத்து நிமிடத்துக்குள் எடைபோடப்படுகிறது. யாரும் தகுதியில்லை என்று ஒருவரையும் எடுக்காமல் முடித்துவிடும் தேர்வுகளும் உண்டு.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அந்தத் திரைக்குப் பின்னால் பட்டம் தெரிவதில்லை. முதுகலையா, முனைவரா என்று எவரும் கேட்பதில்லை. ஜூடித் லெக்ளேர் என்னும் பெண்மணி ஈஸ்ட்மன் பள்ளியில் இளங்கலைப் படிப்பை முடித்து, 1981இல், 23ஆம் வயதில், நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவின் முதன்மைப் பசூன் கலைஞரானார். அவ்வாறாயின் மேற்படிப்பு எதற்கு? கல்லூரியில் கற்பிக்கும் பதவிக்கு முனைவர் பட்டம் பெரும்பாலும் தேவைப்படுகிறது என்பது உண்மை. மற்றவர்க்கு அந்த ஈராண்டு தருவது ஒன்றே ஒன்றுதான்: காலம். வீட்டு வாடகைக்காக முழுநாளும் வேறு வேலைக்கு ஓடாமல், கை பழகும்வரை கத்தியோடும் ஆசிரியரோடும் இருக்கக் கிடைக்கும் காலம். அதை விலைக்கு வாங்குகிறோம் என்று அறிந்து வாங்கினால் நான் குறைசொல்ல மாட்டேன். பட்டம் வந்தால் பதவி வரும் என்று நம்பி, கடன்பட்டு வாங்கினால் அது வேறு. நல்ல பசூன் ஒன்றின் விலையே பல்லாயிரம் டாலர். 1831இல் தொடங்கப்பெற்ற ஜெர்மன் நாட்டு ஹெக்கல் நிறுவனத்தின் கருவியோ புது மோட்டார் வாகனத்தின் விலையையும் கடந்து நிற்கும்.

இடங்கள் எத்தனை, பயில்வோர் எத்தனை என்பதைச் சேர்க்கை நாளன்றே மாணவரிடம் வெளிப்படையாகச் சொல்லும் கடமை பல்கலைக்கழகங்களுக்கு உண்டு என்பது என் துணிபு. இசைக்குழுக்கள் நிறைவாக வாசிக்கப் பள்ளிக்கும் பசூன் மாணவர் வேண்டும். அந்தத் தேவைக்காக ஓர் இளைஞனின் இருபத்தைந்து வயதைச் செலவிடும்போது, அவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டாமா? மனம்திறந்து சொல்லும் ஆசிரியர்களும் இருக்கவே செய்வார்கள். ஆனால் அதை ஆசிரியரின் நற்குணத்துக்கு விட்டுவிடலாகாது.

பெரிய குழுவில் இடம் பெறாதவர்கள் என்ன ஆகிறார்கள்? சிலர் சிறு நகரக் குழுக்கள் இரண்டு மூன்றில் வாசித்து, ஊர் ஊராகக் காரில் அலைகிறார்கள். சிலர் ராணுவ வாத்தியக் குழுக்களில் சேர்ந்து நிலையான ஊதியம் பெறுகிறார்கள். பள்ளியாசிரியரானோர் உண்டு, கருவி பழுதுபார்ப்போர் உண்டு. சீவாளி செய்து பிற மாணவர்க்கு விற்று வாழ்வோரும் உண்டு. பல்கலைக்கழகத்தில் எந்தத் தேர்விலும் மதிப்பெண் பெறாத அந்தக் கைவேலைதான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. இன்னும் சிலர் அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கிறார்கள். தேர்வு முடிந்து, இரவு விமானத்தில் வெறுங்கையோடு திரும்பியவர், மறுநாட் காலையில் அடுத்த நாணல் துண்டைத் தண்ணீரில் ஊறப் போடுகிறார்.