பச்சையா, வெந்ததா?

வாட்ஸாப்பில் காலை வணக்கத்துக்கு அடுத்தபடியாக எனக்கு அதிகம் வருவது காய்கறிச் செய்திகள்தான். ஒரு வாரம் "முட்டைக்கோஸ் புற்றுநோயைத் தடுக்கும்" என்று வருகிறது. அடுத்த வாரம் அதே நண்பர் "தைராய்டு உள்ளவர்கள் முட்டைக்கோஸைத் தொடவே கூடாது" என்று அனுப்புகிறார். இரண்டுக்கும் காரணம் ஒரே வகைப் பொருள். அதை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் இரண்டு செய்தியையும் நம்பி அல்லாட வேண்டாம் என்பது என் கட்சி.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, டர்னிப், கடுகு எல்லாம் ஒரே குடும்பம். பூச்சிகளிடமிருந்து தப்பிக்க இவை குளுக்கோசினோலேட் என்ற கந்தகம் கலந்த பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அதைச் சிதைக்கும் நொதி தனி அறையில் இருக்கும். புழு கடித்தாலோ நாம் நறுக்கினாலோ இரண்டும் கலந்து காரநெடி பிறக்கிறது. பச்சைக் கடுகைத் தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறுகிறது, தாளித்த கடுகு சாதுவாக இருக்கிறது. காரணம், காய்ந்த எண்ணெயில் அந்த நொதி செத்துவிடுகிறது.

ஆய்வகத்திலும் இதே சிக்கல்தான். டர்னிப்பை மிக்ஸியில் அரைத்தால் அளக்க வேண்டிய பொருளே சிதைந்துபோகும். ஆகவே திரவ நைட்ரஜனில் சட்டென்று உறைய வைத்து, உறைந்தபடியே உலர்த்திப் பொடித்து, சூடான மெத்தனாலில் போடுவார்கள். நொதி அடங்கிவிடும், வேண்டியது கரைந்து வரும். அதிலுள்ள சல்பேட்டை வெட்டியெடுக்க நத்தையிலிருந்து எடுத்த நொதி ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்! பிறகு எச்.பி.எல்.சி. கருவியில் ஒவ்வொன்றாகப் பிரித்து, கிராமுக்கு இத்தனை மைக்ரோமோல் என்று கணக்கிடுவார்கள்.

எந்த கிராமுக்கு? உலர்ந்த பச்சைக்காய்ப் பொடியின் ஒரு கிராமுக்கு. டர்னிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நாமோ அதை வேகவைக்கிறோம். நொதி சூட்டில் போகிறது, மிச்சத்தில் ஒரு பங்கு வெந்த தண்ணீரில் இறங்குகிறது. அந்த எண்ணுக்கும் நம் தட்டில் விழும் பொரியலுக்கும் எவ்வளவு தூரம், பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், வாட்ஸாப் செய்திகள் இரண்டும் புறப்பட்டது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்துதான். 1928இல் அங்கே முட்டைக்கோஸையே முக்கிய உணவாகத் தின்ற முயல்களுக்குக் கழுத்துக் கழலை வந்ததை எழுதினார்கள். 1992இல் பால் டலாலே குழுவினர் பிராக்கோலியிலிருந்து சல்ஃபோராஃபேன் என்ற பொருளைப் பிரித்து, அது உடலின் பாதுகாப்பு நொதிகளைத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். இரண்டும் உண்மை. அளவை மட்டும் விட்டுவிட்டு நமக்கு அனுப்புகிறார்கள்.

அளவு மீறினால் ஆபத்து உண்டு. 2010இல் ஒரு மருத்துவ இதழில் 88 வயது அம்மாள் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். சர்க்கரைக்கு நல்லது என்று நம்பி, பாக் சோய் என்ற சீனக் கீரையைப் பச்சையாக, தினம் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரை, பல மாதம் சாப்பிட்டிருக்கிறார். தைராய்டு முற்றிலும் படுத்து, நினைவிழந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பாக் சோயும் டர்னிப்பும் ஒரே இனச் செடி. பச்சைச் சாறு குடிக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் ஒருவர் தைராய்டுக்கு பயந்து முட்டைக்கோஸ் கூட்டை விட்டே இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்குகிறார். காபி அந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் குறைக்கும் என்று மருத்துவர்கள் சொல்வதை யாரும் அவருக்கு ஃபார்வர்ட் செய்யவில்லை!

அயோடின் உப்புப் போட்டுச் சமைத்து, ஒரு கரண்டி கூட்டு சாப்பிடுகிறவர் பயப்பட ஒன்றுமில்லை என்பேன். சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அடுத்த காய்கறிச் செய்தி வந்தால், அனுப்பியவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு? பச்சையா, வெந்ததா? தின்றது மனுஷனா, முயலா?