கீறியது பையன் கையா, நாம் கொடுத்த துணியா?



நமது இதழில் அரிசி விலை, ஜி.எஸ்.டி. கணக்கு, எடைக்கல் முத்திரை என்று பெரிய விஷயங்களை எழுதப் பலர் இருக்கிறார்கள். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது சிறிய விஷயம். காலையில் கடை திறந்ததும் வாசலில் நிற்கும் காரையும் லோடு வண்டியையும் துடைக்கச் சொல்கிறோம் அல்லவா, அதைப் பற்றித்தான். இதில் எழுத என்ன இருக்கிறது என்று நாமும் பல வருடம் நினைத்திருந்தோம். அப்படி நினைத்ததற்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கடைத்தெரு வழக்கம் நமக்குத் தெரிந்ததே. வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றி, முதல் போணிக்குக் காத்திருக்கும் நேரத்தில் கடைப் பையனைக் கூப்பிட்டு, “தம்பி, வண்டியைக் கொஞ்சம் துடைச்சு விடுப்பா” என்போம். அவனும் மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கும் பனியன் வேஸ்ட்டையோ பழைய வேட்டிக் கிழிசலையோ எடுத்து, தண்ணீர் படாமலே சுற்றிச் சுற்றித் துடைப்பான். ஐந்து நிமிடத்தில் வண்டி பளபளக்கும். நமக்கும் திருப்தி. அந்த ஐந்து நிமிடம்தான் வண்டியைக் கெடுக்கிறது என்பதே நமது கருத்து.

2014-ஆம் ஆண்டு எங்கள் மண்டிக்கென்று ஒரு கார் வாங்கினோம். கருநீல நிறம். வெளியூர் வசூலுக்கும், விழுப்புரம், திண்டிவனம் கொள்முதலுக்கும் அதுதான் போய்வந்தது. மண்டியில் வேலை பார்த்த தம்பி ஒருவன் தினமும் அதைத் துடைப்பான். இரண்டு வருடம் கழித்து, வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர்த் திருவிழா சமயம். வைகாசி வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தேர் பார்த்துத் திரும்பினோம். உடன் வந்த உறவினர் ஒருவர், “என்னங்க, பானெட் முழுக்கச் சிலந்தி கூடு கட்டின மாதிரி இருக்குதே” என்றார். குனிந்து பார்த்தால் மெய்தான். சூரியன் பட்ட இடத்தைச் சுற்றி நூல் நூலாக வட்டக் கீறல்கள். வண்டி முழுக்க அப்படியே.

நமக்குக் கோபம் தலைக்கேறியது. சாவியை வைத்து இழுத்திருப்பான், துடைக்கச் சொன்ன ஆத்திரத்தில் மண்ணைப் போட்டுத் தேய்த்திருப்பான் என்று அந்தத் தம்பியை நாலு பேர் முன்னிலையில் பேசினோம். சம்பளத்தில் 1,500 ரூபாய் பிடித்தோம். “நான் துணியாலதான் முதலாளி துடைச்சேன்” என்று மட்டும் சொன்னான். அடுத்த மாதமே வேலையை விட்டு நின்றுவிட்டான்.

2019-இல் அந்தக் காரை விற்கப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர் வண்டியைச் சுற்றி வந்தார். சொன்ன விலையில் 20,000 ரூபாயைக் குறைத்தார். காரணம் கேட்டோம். “சாவிக் கீறல் ஒத்தைக் கோடா ஆழமா இருக்கும். இது துணிக் கீறல். தினம் காய்ஞ்ச துணியில துடைச்சிருக்கீங்க” என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். துடைக்கச் சொன்னது நாம். துணி கொடுத்தது நாம். பழி மட்டும் அவன் மேல்.

அதற்குப் பிறகு பெயிண்ட் பட்டறைக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். இன்றைய காரில் நிறத்தின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. அதைக் கிளியர் கோட் என்கிறார்கள். அதன் கனம் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது நமது தலைமுடி அளவுகூடக் கனம் இராது. பளபளப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. தூசியோடு தேய்க்கும்போது அதில் மெல்லிய கோடுகள் விழுகின்றன. ரப்பிங், பாலிஷ் போட்டால் கீறல் மறையும் என்பது உண்மை. ஆனால் மறைவது எப்படி? சுற்றியுள்ள பூச்சையும் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்து எடுப்பதால்தான். முதலைக் கரைத்து வட்டி கட்டுவது போன்ற வேலை அது. எத்தனை முறை கரைக்க முடியும்?

வண்டி மேல் படியும் தூசி எப்படிப்பட்டது என்பதை மளிகை, அரிசி வியாபாரிகளாகிய நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருப்புழுதியில் பெரும்பகுதி மணல். மணலில் இருப்பது சிலிக்கா. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் கணக்கில் மணலுக்கு 7. சன்னல் கண்ணாடிக்கு ஏறக்குறைய 5½. கண்ணாடியையே கீறும் பொருளைப் பெயிண்டின் மேல் வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும்?

அதோடு நமது பகுதியில் நெல் அரவை உண்டு. ஆலை வாசலில் வண்டியை நிறுத்தி அரிசி ஏற்றும்போது உமித்தூசியும் தவிட்டுத்தூசியும் படியாமல் இருக்குமா? உமியை எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவுக்குச் சிலிக்காதான். நமது பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கியதும், சாம்பலால் பித்தளைக் குடத்தைத் தேய்த்துப் பளபளக்கச் செய்ததும் எதனால்? அது அழுக்கோடு மேற்பரப்பையும் சேர்த்துத் தேய்ப்பதால். குடத்துக்கு அது நல்லது. காருக்கு அல்ல. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றால், தினம் தினம் உமித்தூசி ஊரக் காரின் பூச்சு தேயாதா?

ஆகவே முதல் விதி ஒன்றே ஒன்று. காய்ந்த தூசியைக் காய்ந்த துணியால் தொடக்கூடாது. நேரம் இல்லாத நாளில் கண்ணாடியை மட்டும் நனைத்துத் துடைத்துவிட்டு, உடம்பை அப்படியே விட்டுவிடலாம். தூசியோடு ஓடும் வண்டிக்குக் கேடு ஒன்றுமில்லை. தூசியைத் தேய்ப்பதுதான் கேடு. தினமும் துடைப்பதைவிட வாரம் ஒரு முறை ஒழுங்காகக் கழுவுவது மேல்.

ஒழுங்காகக் கழுவுவது எப்படி? எங்கள் மண்டியில் இப்போது கடைப்பிடிக்கும் முறை இது.

வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறிய பிறகே தண்ணீர் விட வேண்டும். காலை ஏழு மணிக்கு முன்போ மாலை வெயில் தாழ்ந்த பிறகோ நல்லது. முதலில் துணியே படாமல் மேலிருந்து கீழாகத் தண்ணீரை ஊற்றி மண்ணை ஊறவைத்து ஓடவிட வேண்டும். பாதிக் கீறலைத் தடுப்பது இந்த ஒரு வேலைதான்.

பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். ஷாம்புத் தண்ணீரில் துணியை முக்கி ஒரு பகுதியைத் துடைத்ததும், வெறும் தண்ணீர் வாளியில் அலசி, பிழிந்து, அதன் பிறகே மறுபடி ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். ஒரே வாளியாக இருந்தால் எடுத்த மண்ணையே திரும்பத் திரும்ப வண்டி மேல் பூசுகிறோம். அலசும் வாளியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் வடிதட்டைக் கவிழ்த்துப் போட்டால் மண் கீழே தங்கும், துணியில் ஒட்டாது. கூரை, கண்ணாடி, பானெட், கதவு என்று மேலிருந்து கீழே வர வேண்டும். கதவின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசி. அங்கேதான் மண் அதிகம். சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. வட்டமாகத் தேய்க்காமல் நேராக, அழுத்தாமல் இழுக்க வேண்டும். கை மோதிரத்தையும் இடுப்பு பெல்ட்டையும் கழற்றிவிட்டு வேலை செய்வது நல்லது. கீழே விழுந்த துணியை அலசாமல் திரும்ப எடுக்கவே கூடாது.

துணி துவைக்கும் சோப்புத்தூளும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் காரம், வண்டி மேல் போட்ட மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். மண்ணெண்ணெய், டீசல் தொட்டுத் துடைக்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அப்போதைக்கு மினுக்கும். ஒரு மணி நேரத்தில் ரோட்டுத் தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

துவட்டுவதிலும் கவனம் வேண்டும். கடலோர கிராமங்களில் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு ஏறியிருப்பது நமக்கெல்லாம் தெரியும். அந்தத் தண்ணீரை வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் விழும். புள்ளியைப் போக்கத் தேய்த்தால் கீறல் விழும். ஆகவே கழுவியவுடன் துவட்டிவிட வேண்டும். அதற்குப் பனியன் வேஸ்ட் ஆகாது. அதில் தையலும் பட்டனும் வரும். நீளமான மைக்ரோ ஃபைபர் துண்டைப் பானெட் மேல் விரித்து, மெல்ல ஒற்றி எடுத்தால் தண்ணீரைக் குடித்துவிடும். குழந்தைக்குத் தலை துவட்டுவது போலத் தேய்க்கக் கூடாது. காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி ஒற்றுவது போல ஒற்ற வேண்டும். மாடியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது கிடையாது.

இரண்டு தனிச் செய்திகள். மரத்தடியில் நிறுத்திய வண்டியில் பறவை எச்சம் விழுந்தால் சுரண்டக் கூடாது. ஈரத்துணியை அதன்மேல் சற்று நேரம் போட்டுவைத்து, ஊறிய பின் அள்ளி எடுக்க வேண்டும். நாள்கணக்கில் விட்டாலும் பூச்சை அரித்துவிடும். அதே போல ஆயுத பூஜை அன்று சந்தனம், குங்குமம் வைத்து மாலை போடுகிறோம். மறுநாள் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டுவதைப் பார்க்கிறோம். வருடம் ஒரு நாள் செய்த பூஜைக்குத் தழும்பு வருடம் முழுவதும் நிற்கும். அதையும் ஊறவைத்தே எடுக்க வேண்டும்.

ஏரியிலும் வாய்க்காலிலும் வண்டியை இறக்கிக் கழுவுவோருக்கும் ஒரு வார்த்தை. ஊசுடு ஏரி 2008-ஆம் ஆண்டு முதல் சரணாலயம். பாகூர் ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்தான் நம் கடைக்கு அரிசியாக வருகிறது. அந்தத் தண்ணீரில் டீசலையும் சோப்பையும் கலப்பது முறையன்று. தவிர, கரையோரம் கலங்கிய தண்ணீரில் மிதப்பதும் மண்தான். அதை அள்ளி ஊற்றி வண்டி சுத்தமாகும் என்று நினைப்பது வீண்.

“காரைப் பூஜையறையில் வைக்கவா வாங்கினோம், ஓட்டத்தானே வாங்கினோம்” என்று சில அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. லோடு வண்டியில் மூட்டை உரசுவதும் சந்தில் கைப்பிடிச்சுவர் இடிப்பதும் தொழிலில் சகஜம். அந்தக் கீறலை நாம் குறை சொல்லவில்லை. பிழைப்புக்காக விழுந்த கீறல் அது. ஆனால் துடைப்பதாக நினைத்து நாமே போடும் கீறலுக்கு என்ன நியாயம்? மூட்டையில் ஒரு கிலோ சிந்தினால் பொறுக்கி எடுக்கிறோம். சாக்கைக்கூட எண்ணி விற்கிறோம். பல லட்சம் போட்டு வாங்கிய வண்டிக்குச் சில நூறு ரூபாயில் இரண்டு வாளியும் நல்ல துண்டும் வாங்க மனம் வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வண்டி துடைப்பதை நாம் ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. வேலைக்கு நடுவே ஏவும் ஏவலாக எண்ணுகிறோம். தராசு பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறோம், கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். இதை மட்டும் கற்றுக்கொடுப்பதில்லை. கற்றுக்கொடுக்காத வேலையில் தவறு கண்டு சம்பளம் பிடிப்பது வணிக தர்மமாகாது. ஆகவே உறுப்பினர்களுக்கு நமது வேண்டுகோள்: வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம், வேலை நேரத்திலேயே ஒதுக்குங்கள். துணியும் வாளியும் வாங்கிக் கொடுங்கள். முதல் முறை நீங்களே கூட நின்று கழுவிக் காட்டுங்கள். அதன் பிறகு குறை வந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்தத் தம்பியைப் பிறகு விசாரித்தோம். பாகூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறான் என்று தெரிந்தது. 2020 பொங்கலுக்கு முன்னதாக நேரில் போய், பிடித்த 1,500 ரூபாயையும் ஒரு வேட்டி துண்டையும் கொடுத்து, “தப்பு எங்க பேரில்தாம்பா” என்று சொன்னோம். பணத்தை வாங்கிக்கொண்டான். “அந்த நீலக் கார் இப்ப எங்க முதலாளி இருக்கு?” என்று கேட்டான். விற்றுவிட்டோம் என்றோம். “நல்ல வண்டி” என்றான். மேலே ஒன்றும் சொல்லாமல் உமி மூட்டையைத் தைக்கப் போய்விட்டான்.

நமது மண்டியில் இப்போது பனியன் வேஸ்ட் வாங்குவது கிரீஸ் துடைக்க மட்டும்தான்.